உளப்பாடு

மல்லாகம் நீதிமன்றுக்கு எதிரே
போட்டோக்கொப்பிக் கடைக்கும் தேத்தண்ணிக் கடைக்கும் நடுவில்
என் மேசை.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.
பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய், முத்திரை புறம்பு.

இன்று ரொறன்ரோவிலிருந்து ஒரு சட்டத்தரணியின் கடிதம்.
கொண்டுவந்தவர் அளவெட்டிக் குலநாயகி,
பத்தொன்பது வருட வழக்கின் வாதி.
எதிராளி கணவனின் தம்பி பஞ்சலிங்கம்,
முற்றத்துப் பனியைத் தள்ளிக்கொண்டே
இங்குள்ள கிணற்றில் அரைப்பங்கு கேட்டவர்.
"கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்"
என்கிறது உறுதி.
அந்த இரண்டு 'உம்'மிலும் இரண்டு வீடு
இத்தனை காலம் தொங்கிக் கிடந்தது.

கடிதம் சுருக்கம்.
என் கட்சிக்காரர் தன் பங்கை முழுதாக விடுகிறார்,
ஏனெனில் அவர்
மக்னானிமஸ்.

பேனை நின்றது.

அகராதியைப் பிரித்தேன்.
மக்னுஸ், லத்தீனில் பெரிது.
அனிமுஸ், மனம், உயிர்,
இன்னும் கீழே தோண்டினால் வெறும் மூச்சு, காற்று.
கிரேக்கர் கட்டிவைத்திருந்த சொல் ஒன்றைப் பார்த்து
ரோமர் தங்கள் கல்லால் கட்டிக்கொண்டது.
நம் பிராணனுக்குள் ஓடுகிற மூச்சும்
அதற்குத் தூரத்துச் சொந்தமாம்,
கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டாலும்
கோபிக்காத தூரம்.

அதே வேரில் இன்னொரு கிளை,
அனிமொசிற்றி.
இதே வழக்குக் கோவையில் மூன்றாம் பக்கம்,
'நீண்டகாலப் பகைமை' என்று
நானே எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்.
மூச்சு ஒன்றுதான்.
விட்ட விதம் வேறு போல.

பெருந்தன்மை என்று எழுதினேன்.
எழுதியபின்தான் பார்த்தேன்:
தன்மை.
இலக்கணத்தில் அது குணமல்ல, நான் நிற்கும் இடம்.
தன்மை, முன்னிலை, படர்க்கை.
அப்படியானால் பெருந்தன்மை
பெரிய நானா?
வீங்கின நானும் பெரிதுதானே.
இல்லை, எதிரில் நிற்பவரையும் உள்ளே எடுத்த நானா?
உளப்பாட்டுத் தன்மைப் பன்மை,
சோதினைக்குப் பாடமாக்கி மறந்தது. 'நாம்.'
அதை இந்த ஊரில் ஒருவரும் பேசுவதில்லை.
வாய் திறந்தால் எல்லாம் 'நாங்கள்'.
கேட்கிறவர் அதற்கு உள்ளேயா வெளியேயா,
முகத்தைப் பார்த்து அறிந்துகொள்ளட்டும்.

வாசித்துக் காட்டினேன்.
"பெருந்தன்மையோ?
நான் அள்ளிக் குடிச்ச தண்ணியை எனக்கே தர
அவருக்குப் பெருந்தன்மையோ?
வெட்டுங்கோ அந்தச் சொல்லை."
"ஏலாது. சத்தியம் செய்திருக்கிறன்."

காங்கேசன்துறை பஸ் ஒன்று போனது.
தேத்தண்ணிக் கடைக்காரன் சாயம் ஊற்றிக் கழுவினான்.
குடைப்பிடியைத் திருகிக்கொண்டே இருந்தவர் கேட்டார்,
"அந்தச் சொல்லு அவர் சொன்னதோ?"
இருக்காது, சட்டத்தரணி போட்டிருப்பார் என்றேன்.
"அதானே. லிங்கத்துக்கு
அவ்வளவு நீளத்துக்குப் பேச வராது."

லிங்கம்.
கோவை முழுக்கத் தேடினாலும்
எதிராளிக்கு அப்படியொரு பெயர் இல்லை.

பதில் எழுதச் சொன்னார், இங்கிலீசில்.
நன்றி இல்லை, மன்னிப்பும் இல்லை, ஒரே வரி:
"ஆவணியிலை நாங்கள் கிணறு இறைச்சுச்
சேறெடுக்கப் போறம் எண்டு போடுங்கோ."

எந்த நாங்கள் என்று கேட்க
நாக்குவரை வந்தது.
அவர் குடையை விரித்துத் தெருவில் இறங்கிவிட்டார்,
வெயில் அப்படி.

'வீ' என்று தட்டச்சில் அடித்தேன்.
நல்லகாலம்,
இங்கிலீசுக்கும் தெரியாது.